மெயின் சுவிட்சில் வைத்த கை

இப்போதெல்லாம் இடி இடித்தால் ஒருவரும் எழுந்திருப்பதில்லை. டிவி ஓடுகிறது, காற்றாடி ஓடுகிறது, போனைச் சார்ஜில் போட்டபடியே காதில் வைத்துப் பேசுகிறார்கள். எதிர்வீட்டுப் புஷ்பவள்ளியின் மகள் சன்னலைத் திறந்து மின்னலைப் படம் பிடிக்கிறாள். அதை நாலு பேருக்கு அனுப்புகிறாளாம். அந்த நாலு பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்களாம்.

சொன்னால், "அங்கிள், இப்ப எல்லா வீட்டுலயும் பாதுகாப்பு இருக்கு லா" என்கிறார்கள். எந்தப் பாதுகாப்பு? எங்கே மாட்டியிருக்கிறது? காட்டச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது.

போன வாரம் இந்தப் பத்தியில் விட்ட இடம் நினைவிருக்கும். செவ்வாய்க்கிழமை பிற்பகல் நாலு மணிக்கு எங்கள் ஊர் குளுவாங்கில் வானம் கறுத்தது. என் மருமகள் ஜெரால்டின் கம்ப்யூட்டரை ஓடவிட்டுவிட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். என் மகன் மார்கஸ் மாத்திரை போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தான். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறவன் அவன். முதல் இடி விழுந்ததும் நான் மெயின் சுவிட்சை இறக்கினேன். அரை மணி கழித்து ஏற்றினேன். திரும்பி வந்த ஜெரால்டின், கரண்ட் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டாள். இல்லை என்று நான் சொல்லவில்லை.

அதில் செத்தது ஆறு வார வேலை.

சரக்குக் கிடங்கில் தீப்பிடித்தால் தண்ணீர் தெளிக்கிற குழாய் எங்கெங்கே ஓடவேண்டும் என்று வரைவது அவள் தொழில். சிங்கப்பூர்க் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வரைந்து அனுப்புகிறாள். இந்தக் கிடங்குக்கு முப்பத்தோரு தாள். அத்தனையும் ஒரே கோப்பு. கோப்பு இருந்தது தனியாக வாங்கிய ஹார்ட் டிஸ்க்கில். கம்ப்யூட்டர் அதில் எழுதிக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் சுவிட்சை இறக்கினேன். புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் படங்கள் போய்ச் சேரவேண்டும்.

சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை அவள் முதலாளி முன்பே சொல்லிவிட்டார். உன் புருஷனுக்காகத்தான் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டேன், இன்னொரு தடவை தவறினால் சிங்கப்பூருக்கு வந்து ஆபீசில் உட்கார் என்று. அவள் அங்கே போய் உட்கார்ந்தால் மார்கஸை யார் கூட்டிப்போவது? என்னிடம் இருப்பது மோட்டார் சைக்கிள். டயாலிசிஸ் முடிந்து எழுந்திருக்கும்போது அவனுக்குக் கால் நிற்காது. அவனைப் பின்னால் கட்டிவைத்தா ஓட்ட முடியும்?

புதன்கிழமை காலையில் நான் எழுந்தபோது ஜெரால்டின் கம்ப்யூட்டர் முன்னால் முந்தின நாள் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் காப்பி ஆடை கட்டிக் கிடந்தது.

"மாமா, நேத்து எத்தன மணிக்குக் கரண்ட் போச்சு?"

"பாக்கல."

"போயிட்டுப் போயிட்டு வந்துச்சா, இல்ல ஒரே தடவதானா?"

"பாக்கலன்னு சொன்னேன்ல."

மார்கஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான். "ஜெரி, ரெண்டு நாள் டைம் கேளு."

"ரெண்டு தடவ கேட்டாச்சு. நீ ஆஸ்பத்திரியில படுத்தப்போ ஒண்ணு. உன் கை வீங்கினப்போ ஒண்ணு. மூணாவது தடவ எந்த முகத்த வச்சிக்கிட்டுக் கேக்க?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையில் டயாலிசிஸ் ஊசி ஏறுகிற இடத்தைத் தடவிக்கொண்டிருந்தான். நான் கோழிக்குத் தீனி போடப் போனேன். தீனி நேற்றே போட்டது மிச்சமிருந்தது.

பத்தரைக்கு அவனை டயாலிசிஸ் நிலையத்தில் விட்டுவிட்டு அவள் கம்ப்யூட்டர் கடைக்குப் போனாள். நான் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே போனேன். கடைக்காரனை நம்புவதற்கில்லை. உள்ளே இருக்கிற நல்லதைக் கழற்றிக்கொண்டு பழையதை மாட்டிக் கொடுப்பான். பக்கத்தில் ஓர் ஆள் கண்ணை வைத்திருக்க வேண்டும்.

கடை பழைய மார்க்கெட் பக்கம், ஒரு மாடி ஏறவேண்டும். கடைக்காரன் தீபன். முப்பது வயதிருக்கும். தலைமயிரைப் பின்னால் கட்டியிருந்தான். அப்போதே எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது.

டிஸ்க்கைக் கையில் வாங்கிக் காதருகே வைத்துக் கேட்டான். "இது ஒடைஞ்ச பிறகு எத்தன தடவ தொறந்து பாத்தீங்கக்கா?"

"ராத்திரி பூரா."

"ரிப்பேர் பண்ணட்டுமான்னு கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. யெஸ் அழுத்தினேன்."

"அலமாக், போச்சு." டிஸ்க்கை மெதுவாக மேசைமேல் வைத்தான். "காலு முறிஞ்சவன எழுந்து ஓடுன்னு சொன்ன மாதிரி லா, அக்கா. ஒரு கோப்பு கெட்டுப் போச்சுன்னா முதல்ல கைய எடுத்துடணும். அதுல எதுவும் எழுதக்கூடாது. அப்படியே ஒரு நகல் எடுத்துட்டு அந்த நகல்லதான் வைத்தியம் பாக்கணும்."

"நீ வைத்தியம் பாப்பியா, பாக்க மாட்டியா?" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தான். "இது யாரு?"

"என் மாமனார்" என்றாள் ஜெரால்டின். அதற்குமேல் சொல்லவில்லை.

நகல் எடுக்க மூன்று மணி நேரம் ஆகும் என்றான். உட்கார்ந்திருந்தோம். கீழேயிருந்து டீ வரவழைத்துக் கொடுத்தான். சீனி ஜாஸ்தி என்றேன். அவன் சிரித்தான். ஜெரால்டின் டீயைத் தொடவில்லை. நிமிடத்துக்கு ஒரு தரம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நான் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சின்னப் பச்சை விளக்கு எரிந்து எரிந்து அணைந்தது. செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்திரண்டு வருடம் பாய்லர் பார்த்தவன் நான். பாய்லருக்கு முள் இருக்கும், எத்தனையில் நிற்கிறது என்று தெரியும். இதற்கு முள்ளும் இல்லை, சூடும் இல்லை, சத்தமும் இல்லை.

இரண்டரை மணிக்கு நகலைத் திறந்தான். முப்பத்தோரு தாளும் வந்தன. ஆனால் தாள் மட்டும்தான் வந்தது. ஓரத்தில் கோடு, மூலையில் கம்பெனி பெயர், நடுவில் ஒன்றுமில்லை. குழாய் ஒன்றுகூட இல்லை.

ஜெரால்டின் ஒவ்வொரு தாளாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். முப்பத்தொன்றையும் பார்த்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"அக்கா, போதும்" என்றான் தீபன். "கிளவுட்ல ஒரு நகல் போட்டு வச்சிருப்பீங்கல்ல? கம்பெனி குடுத்திருக்குமே?"

எனக்கு விளங்காததைப் பார்த்து அவனே சொன்னான். வீட்டுக் கம்ப்யூட்டர் தானாக இண்டர்நெட் வழியே இன்னொரு நகலை வேறெங்கேயோ கொண்டுபோய் வைக்குமாம். வீடே எரிந்தாலும் அது இருக்குமாம்.

ஜெரால்டின் முகத்தில் கொஞ்சம் களை வந்தது. "இருக்கு! ராத்திரி பதினொண்ணுலேர்ந்து நாலு மணி வரைக்கும் ஏத்தச் சொல்லி வச்சிருக்கேன். பகல்ல லைன் இழுக்காது. அங்க சிங்கப்பூர்லதான் கெடக்கும். எடுத்தா பொஸ்ஸுக்குத் தெரிஞ்சிடும்னு நேத்து தொடல..." மேலே பேசாமல் தன் ரகசிய எண்ணைத் தட்டினாள்.

தீபன் குனிந்து பார்த்தான். "பாதி வேலதான் இருக்கு. கடைசியா ஏறினது பத்தொன்பது நாளைக்கு முன்னால."

"இருக்காது."

"இங்க பாருங்க. ஒவ்வொரு ராத்திரியும் முயற்சி பண்ணியிருக்கு. லைன் இல்ல. லைன் இல்ல. லைன் இல்ல. உங்க வீட்டுல ராத்திரி வைஃபைய அணைச்சிடுவீங்களா?"

"யாரு அணைப்பா? நாங்க..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

கிட்டத்தட்ட மூன்று வாரத்துக்கு முன்னால் எங்கள் தாமான் குடியிருப்பின் முனை வீட்டில் இடி விழுந்து அவர்களுடைய வைஃபைப் பெட்டி கருகிப் போனது. அன்றிலிருந்து ஜெபமாலை முடிந்து எல்லாரும் படுத்ததும் எங்கள் வீட்டுப் பெட்டியை அணைத்துவிடுவேன். காலையில் ஐந்து மணிக்குப் போட்டுவிடுவேன். யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சண்டை பிடிப்பார்கள்.

"நான்தான் அணைச்சேன்" என்றேன். "ராத்திரியில தூங்கறவங்களுக்கு எதுக்கு அது?"

அவள் திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கண்ணை மூடினாள். தோள் மட்டும் குலுங்கியது. செவ்வாய்க்கிழமைச் சங்கதி அதுவரை அவளுக்குத் தெரியாது. அதையும் அப்போதே சொல்லியிருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. டயாலிசிஸ் நிலையத்திலிருந்து. மார்கஸுக்குப் பிரஷர் இறங்கிவிட்டதாம், பேச்சுக் குழறுகிறதாம், உடனே வரச் சொன்னார்கள். பையைக்கூட எடுக்காமல் படியிறங்கி ஓடினாள்.

நானும் எழுந்தேன். தீபன் என் சட்டையைப் பிடித்து நிறுத்தினான்.

"அங்கிள், நீங்க போய் அங்க என்ன பண்ணப் போறீங்க? நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. அந்தக் கம்ப்யூட்டர் வீட்டுலதான இருக்கு?"

"இருக்கு."

"வரையற மென்பொருள் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ தானா ஒரு நகல் எடுத்து வைக்கும். அக்கா அதையும் டிஸ்க்லயே வைக்கச் சொல்லியிருந்தாங்களாம், அதனால போயிருச்சுன்னு நெனைக்கிறாங்க. ஆனா சில சமயம் அது சொன்ன பேச்சக் கேக்காம கம்ப்யூட்டருக்குள்ளயே ஒரு மூலையில போட்டு வச்சிருக்கும்."

"இருக்கா, இல்லையா?"

"இருக்கலாம். இல்லாமலும் போகலாம்."

"இதத்தான் காலையில இருந்து சொல்றீங்க எல்லாரும்."

"என்னால கடைய விட்டு வர முடியாது அங்கிள். இந்த டிஸ்க் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு, வேற ஏதாவது தேறுமான்னு பாக்கணும். நீங்க போய்க் கம்ப்யூட்டரத் தொறங்க. நான் இங்கேர்ந்தே உள்ள வந்து தேடறேன்."

ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் படம் போட்டுக் கொடுத்தான். எந்தப் பொத்தான், எந்தச் சிவப்புக் கட்டம், எங்கே எண் வரும் என்று. நான் தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எண் வாசிப்பேன். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குக் கம்பி வேலி மாதிரி.

வீட்டுக்கு வந்து சேரும்போது மூன்று இருபது. கிழக்கே வானம் ஈயம் மாதிரி இருந்தது. காற்று நின்றுவிட்டது.

பொத்தானை அழுத்தினேன். கம்ப்யூட்டர் முனகிக்கொண்டு எழுந்தது. வைஃபைப் பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். சிவப்புக் கட்டத்தில் அம்பைக் கொண்டுபோக ஐந்து நிமிடம் ஆனது. மவுஸ் என்கிற அந்த எலி என் கைக்கு அடங்கவில்லை. கடைசியில் ஒரு கட்டம் திறந்து ஒன்பது எண் வந்தது. தீபனைக் கூப்பிட்டேன்.

"எண்ணச் சொல்லுங்க அங்கிள்."

நான் சொல்லவில்லை.

"அங்கிள்? இருக்கீங்களா?"

"போன மாசம் கோயில்ல ஃபாதர் சொன்னாரு. போன்ல யாரு கேட்டாலும் எந்த நம்பரையும் சொல்லாதீங்கன்னு. லாபிஸ்ல ஒரு கெழவி நம்பர் சொல்லிப் பென்ஷன் பூரா போச்சு."

"நான் தீபன் அங்கிள்! நீங்கதான எனக்குப் போன் போட்டீங்க!"

"அதெல்லாம் நடுவுல புகுந்து குரல மாத்திப் பேசறானுங்களாம். நீ தீபன்னா, டீயில நான் என்ன குறை சொன்னேன்?"

"சீனி கம்மின்னு."

"வச்சிடறேன்."

"இல்ல இல்ல! ஜாஸ்தி! சீனி ஜாஸ்தின்னீங்க! அங்கிள், மூணு முப்பது ஆச்சு லா!"

இரண்டாவது தடவை சரியாகச் சொல்பவனை எப்படி நம்புவது? போனை வைத்துவிட்டு ஜெரால்டினைக் கூப்பிட்டேன். நாலு தடவை அடித்த பிறகு எடுத்தாள். பின்னால் இயந்திரங்கள் கீச்சிடும் சத்தம் கேட்டது.

"மார்கஸ் எப்படி?"

"கால தூக்கிப் படுக்க வச்சிருக்காங்க. கண்ணு முழிச்சிட்டாரு. என்ன மாமா?"

"அந்தப் பய நம்பர் கேக்கறான். சொல்லலாமா?"

அவள் மிகவும் தாழ்ந்த குரலில் பேசினாள். "மாமா, இந்த வேல போச்சுன்னா திங்கட்கெழமலேர்ந்து நான் இங்க இருக்க மாட்டேன். இவரு கண்ணு தொறக்கும்போது பக்கத்துல நர்ஸுதான் இருப்பா. உங்க கால்ல வேணும்னாலும் விழறேன். அந்த நம்பரச் சொல்லிடுங்க."

சொன்னேன்.

சொன்ன மறுகணம் அம்பு தானாக நகர்ந்தது. என் கை மடியில் இருந்தது, அம்பு நடந்துகொண்டிருந்தது. போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தேன்.

"எங்க போற? அது மார்கஸ் கல்யாணப் படம் வச்சிருக்கற எடம். அதத் தொடாத."

"தொடல அங்கிள். தாண்டிப் போறேன்."

"மெதுவாப் போ. நான் பாக்கணும்."

கட்டத்துக்குள் கட்டம், அதற்குள் இன்னொரு கட்டம் என்று இறங்கிக்கொண்டே போனான். கடைசியில் ஒரு நீளப் பட்டியல். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு கீழே கீழே தள்ளினான். பிறகு அம்பு நின்றது.

"அங்கிள்."

"என்ன?"

"செவ்வாய்க்கெழம. நாலு மணி ரெண்டு நிமிஷம். பெரிய கோப்பு." அவன் குரலே மாறியிருந்தது. "இதுதான்னு நெனைக்கிறேன். இங்க இழுத்துத்தான் தொறந்து பாக்கணும். பத்து பதினைஞ்சு நிமிஷம் ஆகும். எதையும் தொடாதீங்க."

திரையில் ஒரு கோடு வந்தது. பச்சையாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிரம்பியது. பக்கத்தில் எண். ஏழு. எட்டு. பதினொன்று.

முதல் இடி தூரத்தில், ரெங்கம் பக்கம் விழுந்தது.

நான் எழுந்துவிட்டேன். யோசித்து எழவில்லை, உடம்பு எழுந்தது. என் தம்பி ரபேல் பத்தொன்பது வயதில் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் செத்தான். இடி இடிக்கும்போது ரேடியோவை அணைக்கப் போனவன். ஏரியல் கம்பி வழியாக மின்னல் இறங்கியது. அவன் கையை ரேடியோவிலிருந்து எடுத்தவன் நான். அதற்குமேல் எழுத மாட்டேன்.

"அங்கிள், இடிச் சத்தம் கேக்குது. எங்க இருக்கீங்க?"

"இங்கதான்."

"சுவிட்ச்கிட்டப் போயிடாதீங்க. நடுவுல அறுந்துச்சுன்னா இதுவும் நேத்து மாதிரி ஆயிடும்."

நான் ஏற்கெனவே சுவிட்சுக்குக் கீழேதான் நின்றுகொண்டிருந்தேன். கதவோரம் கிடந்த ஆலை பூட்ஸை எடுத்துக் காலில் மாட்டிக்கொண்டேன். ரப்பர் பூட்ஸ். கையைத் தூக்கி மெயின் சுவிட்சின்மேல் வைத்தேன். அங்கிருந்து திரை தெரிந்தது. நாற்பத்திரண்டு.

இரண்டாவது இடி பக்கத்தில். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தது. கோடு நின்றுவிட்டது.

"நின்னுருச்சு! நின்னுருச்சுடா!"

"தெரியுது, தெரியுது. லைன் ஆடுது. பொறுங்க. தொடாதீங்க."

விரல் சுவிட்சைப் பிடித்திருந்தது. இறக்குவதற்கு ஒரு நொடிகூட ஆகாது. இறக்கினால் நானும் வீடும் பத்திரம். மார்கஸ் கண் திறக்கும்போது பக்கத்தில் நர்ஸ்.

வேர்வை கண்ணில் இறங்கியது. மாதாவை வேண்டுகிற அருள் நிறைந்த மந்திரம் பாதியில் மறந்துபோய் மறுபடி மறுபடி தொடங்கினேன். கோடு நகர்ந்தது. அறுபத்தெட்டு. எழுபத்தொன்று. மழை கூரையில் கொட்டியது. மூன்றாவது இடிக்கு எதிர்வீட்டு நாய் ஊளையிட்டது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ரபேலின் கை என் கையில் இருந்தது.

"வந்துருச்சு!" என்று போன் கத்தியது. "அங்கிள், வந்துருச்சு!"

"முழுசா?"

"முழுசா!"

மெயினை இறக்கினேன். வீடு இருட்டானது. அப்படியே சுவரோடு சரிந்து பூட்ஸ் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.

மிச்சம் நடந்ததை மார்கஸ் சொல்லித்தான் தெரியும். நாலேகாலுக்கு ஜெரால்டின் அவனைக் கைத்தாங்கலாகக் கடைக்கு ஏற்றிக் கொண்டுபோனாள். அவனை இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் படுக்கவைத்துவிட்டு வேலையில் உட்கார்ந்தாள். கோப்பு திறந்தது. குழாய்கள் இருந்தன. பதினேழாம் தாளும் இருபத்துநாலாம் தாளும் மட்டும் பாதியில் அறுந்து கிடந்தன. பதினேழை வேகவேகமாக வரைந்து முடித்தாள். இருபத்துநாலுக்கு நேரமில்லை. நாலு ஐம்பத்தாறுக்கு முப்பது தாளை அனுப்பினாள். ஒன்று கெட்டுவிட்டது, நாளை தருகிறேன் என்று உள்ளதை உள்ளபடியே எழுதினாள்.

இடி ஓய்ந்தபின் மெயினை ஏற்றியிருந்தேன். ஆறரைக்கு மூவரும் வீட்டுக்கு வந்தார்கள். மார்கஸ், ஜெரால்டின், கூடவே தீபன். தீபன் கையில் செங்கல் கணக்கில் கனமான ஒரு கறுப்புப் பெட்டி.

"பொஸ் பதில் போட்டுட்டாரு" என்றாள் ஜெரால்டின். போனை நீட்டினாள். பிறகு எனக்கு இங்கிலீஷ் வராது என்று நினைவு வந்து அவளே சொன்னாள். "கிடைத்தது. திங்கட்கிழமை நேரில் வா. அவ்வளவுதான் எழுதியிருக்காரு."

"நேர்ல வான்னா? வேலைக்கா, இல்ல சும்மா பாக்கவா?"

"தெரியல மாமா. கேட்டு எழுதினேன். படிச்சிட்டாரு. பதில் இல்ல."

தீபன் மேசைக்குக் கீழே குனிந்து பெட்டியை மாட்டினான். உள்ளே பேட்டரியாம், கரண்ட் போனாலும் இருபது நிமிடம் தாங்குமாம். அதற்குள் எல்லாவற்றையும் சேமித்துவிட்டு ஒழுங்காக அணைக்கலாமாம். இனி ஒரு வேலை என்றால் மூன்று இடத்தில் நகல் இருக்கவேண்டும் என்றான். கம்ப்யூட்டரில் ஒன்று, எழுதி முடித்ததும் கழற்றி அலமாரியில் வைக்கிற டிஸ்க்கில் ஒன்று, வெளியே கிளவுட்டில் ஒன்று. ஏறியிருக்கிறதா என்று வெள்ளிக்கிழமை தோறும் திறந்து பார்க்கவேண்டும். சும்மா நம்பிக்கொண்டு இருக்கக்கூடாது. அந்தக் கடைசிப் பேச்சு ஒன்றுதான் எனக்குப் பிடித்தது.

"ஆனா ஒண்ணு" என்றான் மார்கஸ். கட்டிலில் படுத்தபடியே கூரையைப் பார்த்துப் பேசினான். "வாசல்ல புஷ்பவள்ளி ஆன்ட்டியப் பாத்தோம். நேத்து அவங்க வீட்டுல கரண்ட் போகவே இல்லையாம்."

தீபன் ஒயரைச் சுற்றுவதைப் போலப் பாவனை செய்தான்.

"நான்தான் மெயின இறக்கினேன்" என்றேன்.

ஜெரால்டின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"ராத்திரி பூரா என்னையே திட்டிக்கிட்டு இருந்தேன் மாமா. மருந்துக் கடைக்குப் போகாம இருந்திருக்கலாம், மூடிட்டுப் போயிருக்கலாம்னு. இவரு கை நரம்பத் தடவும்போது, நான்தான் இவருக்கு எமன்னு நெனைச்சேன். நீங்க கோழிக்குத் தீனி போட்டுக்கிட்டு இருந்தீங்க."

நான் மெயின் சுவிட்சுக்குக் கீழேயே நின்றேன்.

"இன்னிக்கு இடி இடிச்சப்போ நீங்க இறக்கல. தீபன் சொன்னாரு." இப்போது நிமிர்ந்தாள். "இனிமேலும் இறக்க மாட்டேன்னு சொல்லுங்க. வைஃபையத் தொட மாட்டேன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்."

மார்கஸும் என்னைப் பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது. சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"இறக்கறதுக்கு முன்னால உன்கிட்ட சொல்றேன்" என்றேன். "நீ வீட்டுல இல்லன்னா போன் போட்டுச் சொல்றேன். இறக்க மாட்டேன்னு என்னால சொல்ல முடியாது."

"அங்கிள், அதான் பெட்டி இருக்குல்ல" என்றான் தீபன். "மூணு எடத்துல நகல் இருக்கு. இனிமே ஒண்ணும் ஆகாது."

"அந்தக் கிளவுட்ல இருக்கற ஒண்ணு, அது எங்க இருக்கு? எந்த ஊரு? எந்தக் கட்டடம்?"

"அது... பல எடத்துல இருக்கும் அங்கிள்."

"நீ பாத்திருக்கியா?"

"இல்ல."

"அங்க இடி இடிக்காதா?"

அவன் ஜெரால்டினைப் பார்த்தான். அவள் போனைப் பார்த்தாள். முதலாளியின் பதில் வந்திருக்கவில்லை.

நான் மேசைக்குக் கீழே அந்தக் கறுப்புப் பெட்டியைக் குனிந்து பார்த்தேன். பச்சை விளக்கு ஒன்று எரிந்தது. அவ்வளவுதான். எதற்கு எரிகிறது என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்பார்கள். நிமிர்ந்து, மழை விட்ட தெருவில் இறங்கி, இடி விழுந்த அந்தத் தாமான் முனை வீடுவரைக்கும் நடந்தேன். தெற்கே இன்னும் மின்னிக்கொண்டிருந்தது.